நாளை காலை பத்து மணிக்கு ஸ்கிரைப் தேவை

செமஸ்டர் நெருங்கும் நவம்பரிலும் ஏப்ரலிலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாதிரியான செய்திகள் வந்து விழும். "நாளை காலை 10 மணி, பி.ஏ. வரலாறு, தமிழ் வழி, பார்வையற்ற மாணவிக்கு ஸ்கிரைப் தேவை, ப்ளீஸ் பகிரவும்." குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே பட்டதாரிகள், பலருக்கு இரண்டு பட்டம். செய்திக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வரும். "ஷேர் பண்ணிட்டேன்" என்று நாலு பேர், "சண்டேயா இருந்தா வந்திருப்பேன்" என்று இரண்டு பேர், "எந்த ஏரியா?" என்று கேட்டுவிட்டு அப்படியே காணாமல் போகும் ஒருவர். ராத்திரி பத்து மணி வாக்கில் அதே செய்தி 'அவசரம்' என்ற சொல்லோடு மறுபடி வரும். மற்ற பிள்ளைகள் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அந்த மாணவி ஒவ்வொரு நம்பராகப் போன் போட்டு, "அக்கா, நாளைக்கு ஃப்ரீயா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். விடைகளைச் சொல்வது அவள், எழுதுவது நாம், அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானுக்கு ஆள் கிடைப்பதில்லை.

யாரையும் பெரிதாகக் குறை சொல்லவும் முடியவில்லை. பரீட்சைகள் செவ்வாய், புதன் என்று வேலைநாளில்தான் வருகின்றன. காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்குவது சுலபம். "பரீட்சை எழுதப் போகணும் சார், ஆனா என் பரீட்சை இல்ல" என்று ஆரம்பித்தால் மேனேஜரின் முகம் போகும் போக்கைப் பார்த்து நாமே காய்ச்சலுக்குத் திரும்பிவிடுவோம். நானும் சில தடவை அந்தக் காய்ச்சலில் படுத்திருக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது ஆள் கிடைக்காத கதையை அல்ல. ஆள் கிடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்த பிறகு வரும் ஒரு சிக்கலைப் பற்றி. அதை வைத்து என் தோழிக்கும் எனக்கும் வந்த சண்டை இன்றுவரை தீரவில்லை. அவள் சொல்வது சரியோ என்று எனக்கே சில ராத்திரிகளில் தோன்றும், காலையில் இல்லை என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைச் சேவை

நம்மூரில் கல்லூரிக்குப் போனவர்களுக்குச் சேவை என்பது முதலில் அறிமுகமாவது என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம் வழியாகத்தான். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம். எங்கள் முகாமில் ஊர்க் குளத்தைச் சுற்றி மண்டிக்கிடந்த கருவேலத்தை வெட்டினோம், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தோம், மரக்கன்று நட்டோம், மாலையில் விழிப்புணர்வு நாடகம் என்ற பெயரில் எதையோ போட்டோம். ஊர்க்காரர்கள் எங்களுக்கு ஏழு நாளும் சோறு பொங்கிப் போட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த வாரத்தில் அதிகச் சேவை செய்தவர்கள் அவர்கள்தான். சான்றிதழ் எங்களுக்குக் கிடைத்தது. அதைக் கேலி செய்யவில்லை, 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பால் பாக்கெட்டும் பாயும் கொடுத்துக்கொண்டிருந்த பையன்களில் எனக்குத் தெரிந்த சிலர் இப்படி ஒரு முகாமில்தான் முதல்முறையாக மண்வெட்டி பிடித்தவர்கள்.

வேலைக்கு வந்த பிறகு அது சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, என்ற பெயரில் தொடரும். 2013-ன் கம்பெனிச் சட்டத்தில் 135-ஆவது பிரிவு வந்தபிறகு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஆயிற்று. பணம் ஒரு பக்கம் போகும். இன்னொரு பக்கம் ஊழியர்களை ஒரே நிற டிசர்ட்டில் பஸ் ஏற்றி எங்காவது கூட்டிப்போவார்கள். அப்படித்தான் பார்வையற்ற மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்குப் போனோம். எங்கள் டீமில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் தன்னம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முடித்துவிட்டு "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், பாடத்தை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணித்தர ஆள் கிடைப்பாங்களா?" என்று கேட்டான். தன்னம்பிக்கையில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் ஆள், "டெஃபனட்லி, வீ வில் செக்" என்றார். பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். செக் பண்ணியதாக எனக்கு நினைவில்லை.

படித்தவர்கள் உதவிக்கு வரும்போது படித்தவர்களாகவே வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்பது என் எண்ணம். வழிகாட்டுகிறோம், ஊக்கப்படுத்துகிறோம், கரியர் கைடன்ஸ் கொடுக்கிறோம். அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு குரலும். இதுவும் பட்டம் வாங்கியவர்களிடம் தாராளமாகவே இருக்கிறது, ஆனால் கேட்டால் என்னவோ மதிப்புக் குறைந்த மாதிரி இருக்கிறது நமக்கு. கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் 2006-லிருந்து இருக்கிறது, தமிழையும் படிக்கும், ஆகவே இனி வாசிக்க மனிதர்கள் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை கல்லூரி நோட்ஸ்களைப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் பண்ணிய பி.டி.எஃப். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். இல்லையென்றால் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது, அதைத் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக உளறிக் கொட்டும். யாராவது உட்கார்ந்து வாசித்துத்தான் ஆகவேண்டும், அல்லது யூனிகோடில் அடித்துத் தரவேண்டும். இந்த வேலைக்கு லீவுகூட வேண்டாம், ராத்திரி வீட்டில் செய்யலாம். நானும் அப்படி வாசிப்பில்தான் தொடங்கினேன், அப்புறம் எழுதப் போனேன்.

"தமிழ் மீடியமா நீங்க?"

எந்த மாணவி முதல்முறை போன் பண்ணினாலும், வணக்கம் சொன்ன கையோடு கேட்கும் கேள்வி இதுதான். என் அலுவலகத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம் என்று நான் யாரிடமும் வலியப் போய்ச் சொல்வதில்லை. முதல் வேலையில் சேர்ந்த புதிதில் மீட்டிங்கில் வாய் திறக்கவே பயந்தவள் நான். அந்த தமிழ் மீடியத்தை ஒரு தகுதியாகக் கருதி, "அப்பாடா" என்று பெருமூச்சு விட்ட முதல் ஆட்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

காரணம் இருக்கிறது. உதவ வருகிற பட்டதாரிகளில் பாதிப்பேருக்குத் தமிழில் நாலு பக்கம் தொடர்ந்து எழுத வராது. பேசுவார்கள், வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், பேனா பிடித்துத் தமிழ் எழுதியது பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில். ஒரு மாணவி எனக்குச் சொன்னது: மனசு நிறைய நல்லெண்ணத்தோடு வந்த ஓர் இன்ஜினியரிங் அண்ணன், அவள் 'அறப்போர்' என்று சொன்னதை எந்த 'ர' என்று அவளிடமே கேட்டுக் கேட்டு எழுதி, மூன்று மணி நேரத்தில் முக்கால்வாசித் தாளைத்தான் முடித்தாராம். போகும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். "நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்கா" என்று சிரித்தாள். எழுதியவர் அழுதார் என்பதற்காக யாரும் மார்க் போட மாட்டார்கள்.

எழுதும் இடம் பெரும்பாலும் தனி அறை. தனி அறை என்றால் ஏதோ வசதியான அறை என்று நினைக்க வேண்டாம், உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்த ஓர் அறை, இல்லை மாடிப்படிக்குப் பக்கத்து வராந்தா. சத்தமாகப் பேசவேண்டியிருப்பதால் மற்ற மாணவர்களோடு உட்கார வைக்க முடியாது. வாசலில் ஒரு கண்காணிப்பாளர், அவர் பார்வை முழுக்க என் வாய்மேல்தான் இருக்கும். முதலில் கேள்வித்தாள் முழுவதையும் வாசிக்க வேண்டும், அப்புறம் மறுபடியும் ஒருமுறை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ரெண்டு மார்க்ல நாலாவதும் ஒன்பதாவதும் விட்ருங்க, பத்து மார்க்ல கடைசிக் கேள்வியிலருந்து ஆரம்பிக்கலாம்" என்பாள். இருபது கேள்விக்கு மேல் உள்ள தாள் அவள் தலைக்குள் வரிசையாக உட்கார்ந்துவிட்டிருக்கும். நான் ஒவ்வொரு வாக்கியமும் எழுதி முடித்ததும் "ம்" என்பேன், அடுத்த வாக்கியம் வரும். பாடத்தை ஒலிப்பதிவாக ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகியவர்கள், சொல்வதும் அதே வேகம். "ம்" தாமதமானால் காத்திருப்பார்கள்.

நடுநடுவே கேட்கும் கேள்விகள்தான் எனக்கு ஆச்சரியம். "இப்ப எத்தனை பக்கம் ஆச்சுக்கா?" பத்து மதிப்பெண் கேள்விக்கு நாலு பக்கமாவது இருந்தால்தான் திருத்துபவர் மதிப்பார் என்பது எந்தக் கல்லூரியிலும் உள்ள நம்பிக்கை. நாம் எழுதும்போது பக்கம் புரள்வது கண்ணுக்குத் தெரியும், கணக்குப் போட்டு இழுப்போம், சுருக்குவோம். அவளுக்கு அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "கையெழுத்து பெருசா இருக்கா? சைடு ஹெடிங்குக்கு அடிக்கோடு போட்டீங்களா? ஸ்கேல் வெச்சுத்தானே?" தன் கையெழுத்து எப்படியிருக்கும் என்று பார்த்தேயிராத ஒருத்தி, என் கையெழுத்தின் அழகைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்படுவாள். திருத்துபவருக்கு அதுதானே அவள் கையெழுத்து. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணித் தேர்வு நாலு மணி ஆகும். கடைசி அரைமணியில் என் கட்டைவிரலும் மணிக்கட்டும் தனியாகக் கழன்று விழுவதுபோல் இருக்கும். முன்பெல்லாம் எப்படித்தான் எழுதினோமோ.

பேனா நின்றால் அதுவும் பிட்டுதான்

அன்றைக்கு இந்திய வரலாறு. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், அவளுக்கு ஏற்கெனவே சில தாள்கள் எழுதியிருக்கிறேன். வங்காளத்தில் ஆங்கிலேயர் ஆட்சி எப்படி வேரூன்றியது என்கிற மாதிரி ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள், கம்பெனியின் வரிச்சலுகைத் தகராறு, சிராஜ் உத் தௌலா, கிளைவ், மிர் ஜாபரின் துரோகம். "1764-ஆம் ஆண்டு நடைபெற்ற பிளாசிப் போரில்" என்றாள்.

எனக்கு வரலாறு பாடமே இல்லை, படித்தது கணிப்பொறி. ஆனாலும் பிளாசி 1757, பக்சார் 1764 என்பது பள்ளிக்கூடத்தில் அடித்து உட்கார வைத்தது, எங்கே போகும்? பேனா நின்றது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. "ம்" வரவில்லை.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "எழுதுங்கக்கா" என்றாள். குரலில் கொஞ்சம் கடுமை இருந்தது. எழுதினேன். "ம்" என்றேன். அடுத்த பக்கத்தில் 1757-ல் பக்சார் போர் வந்தது. அதையும் எழுதினேன், இந்த முறை பேனாவை நிறுத்தவில்லை, நிறுத்தாமல் இருப்பதற்கு வேண்டி என்னவோ வேகமாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். மிர் காசிம், அயோத்தி நவாப், முகலாயப் பேரரசர் ஷா ஆலம், ஹெக்டர் மன்றோ எல்லாம் சரியாகச் சொன்னாள். வருடம் இரண்டும் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

அரைமணி நேரம் கழித்து ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வி, அலகாபாத் உடன்படிக்கை. "1765-ஆம் ஆண்டு, பக்சார் போருக்கு அடுத்த ஆண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். உதட்டுக்குள் எதையோ கணக்குப் பார்த்தாள். "அக்கா, அந்தப் பத்து மார்க்ல நான் சொன்னதை முழுசா படிச்சுக் காட்டுங்க." படித்தேன், எந்த இடத்திலும் குரலை அழுத்தாமல், ரேஷன் கடையில் பெயர்ப் பட்டியல் வாசிக்கிற குரலில். "முதல்ல வர்ற வருஷத்தை அடிச்சிட்டு 1757-னு போடுங்க. ரெண்டாவது 1764. அடிக்கும்போது ஒரே கோடா அடிங்க, கிறுக்காதீங்க." மாற்றினேன். அலகாபாத் பதிலில் திவானி உரிமையைக் கம்பெனிக்கு மிர் ஜாபர் கொடுத்ததாகச் சொன்னாள். கொடுத்தது ஷா ஆலம். அது அப்படியே தாளில் போயிற்று.

வெளியே வந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள். "பேனா நின்னா எனக்குக் கேக்கும்கா. ஃபேன் சத்தத்துலயும் கேக்கும். அதுவும் ஒரு பிட்டுதான்." நான் ஒன்றும் சொல்லவில்லை. பிளஸ் டூவில் அவள் நல்ல மார்க். ஊரில் சொந்தக்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "எழுதின டீச்சருக்குத்தாம்மா ஸ்வீட் கொடுக்கணும்" என்றாராம். விளையாட்டுக்குத்தான் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாளாம். அந்த மார்க்கை அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்வதில்லை. "நீங்க நிறுத்தினப்பவே ஏதோ தப்புன்னு தெரிஞ்சிருச்சு. அங்கேயே மாத்தியிருந்தா அது உங்க மார்க். அலகாபாத்ல வந்து நானே புடிச்சேன் பாருங்க, அது என் மார்க்."

அங்கேதான் எனக்கு மாட்டிக்கொண்டது. அலகாபாத்தில் அவளேதான் பிடித்தாளா? 1765-க்கு முந்தைய ஆண்டு 1764 என்று கணக்குப் போட்டு வந்தது அவள் மூளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு பேனா அங்கே நின்றது என்பது அவள் மனதில் ஒரு மூலையில் உட்கார்ந்திராவிட்டால், அந்த இடத்தில் போய்த் தேடியிருப்பாளா? அவளிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீயை என் மேலேயே ஊற்றியிருப்பாள்.

பாவம் பார்ப்பது

இதைச் சொன்னதும் என் தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளும் இதே குழுவில் இருப்பவள், என்னைவிட அதிகம் எழுதப் போகிறவள். "மிர் ஜாபர் இல்ல ஷா ஆலம்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்? பார்வை இருக்கிறவன் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுறான், மைக்ரோ ஜெராக்ஸ் கொண்டு போறான். இவளுக்குப் புத்தகமே ஒழுங்கா கிடைக்கல, யாரோ தூக்கத்துல வாசிச்ச ரெக்கார்டிங்கைக் கேட்டுப் படிச்சிருக்கா. அந்த ரெக்கார்டிங்லயே தப்பா இருந்திருக்கலாம். நீ அங்க உட்கார்ந்துக்கிட்டு நேர்மை பாக்கறே." ரெக்கார்டிங்கிலேயே தப்பு இருந்திருக்கலாம் என்ற இடத்தில் நான் வாயடைத்துப் போனேன், ஏனென்றால் அதில் சில பாடங்களை வாசித்தவள் நான்.

அவள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. தேர்வு அறைக்கு வருவதற்கு முன்பே மேடு பள்ளம் ஆயிரம் இருக்கிறது, கடைசி நாலு மணி நேரத்தில் மட்டும் தராசைச் சரியாகப் பிடித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த மேடு பள்ளத்தைச் சரி செய்ய வேண்டிய இடம் ரெக்கார்டிங், நோட்ஸ், முந்தின மாசம், முந்தின வருஷம். அங்கெல்லாம் நாம் வருவதில்லை. கடைசியில் விடைத்தாளில் ஒரு வார்த்தையைச் செருகிவிட்டு, ஒருத்தருக்கு வாழ்க்கை கொடுத்த திருப்தியோடு வீட்டுக்கு வருகிறோம். நமக்கு வேலை மிச்சம். அந்தப் பெண்ணுக்கு, தன் பட்டத்தில் எத்தனை மார்க் தன்னுடையது என்று தெரியாமலே போகும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பார்வையுள்ள மாணவன் கடைசிப் பத்து நிமிடம் தன் தாளைப் புரட்டிப் பார்க்கிறான். வருடத்தைத் திருத்துகிறான், விட்டுப்போன கேள்வி எண்ணைப் போடுகிறான். ஸ்கிரைப் வைத்து எழுதுபவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் நடைமுறையில் கிடைப்பதேயில்லை. எழுதுபவருக்குக் கை வலி, கண்காணிப்பாளருக்குச் சாப்பாட்டு நேரம், மாணவிக்கோ மேலும் தொந்தரவு கொடுக்கக் கூச்சம். அந்த அலகாபாத் சம்பவத்துக்குப் பிறகு நான் கேட்பதற்குக் காத்திருப்பதில்லை. நேரம் இருந்தால், "முதல்லருந்து படிக்கட்டுமா?" என்று நானே தொடங்கிவிடுவேன், ஒரே சீரான குரலில், சரியையும் தப்பையும் ஒரே மாதிரி. தோழி இதற்கும் சிரிக்கிறாள், "இது மட்டும் ஹெல்ப் இல்லையா?" என்று. ஹெல்ப்தான். எங்கே கோடு போடுவது என்பதில்தான் சண்டை.

ஒரு படி கீழே

கோடு எங்கே என்று அரசாங்கத்துக்கும் குழப்பம்தான். 2013-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில், எழுதிக்கொடுப்பவருக்குக் கல்வித் தகுதி, மதிப்பெண், வயது என்றெல்லாம் கட்டுப்பாடு வைக்கக் கூடாது என்று இருந்தது. 2018 ஆகஸ்டில் அது மாறியது: மாணவர் தானே ஆளைக் கூட்டிவந்தால், அந்த ஆளின் படிப்பு தேர்வெழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது, 2025-ல் புது நெறிமுறை வரும்வரை. அதாவது உதவ வருபவர் அதிகம் படித்திருந்தால் சந்தேகம். நான் போன கல்லூரிகளில் இதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை, வேறு பாடம் படித்தவர் என்று அடையாள அட்டையும் கடிதமும் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். போட்டித் தேர்வுகளில் அது நடக்காது, உறுதிமொழிப் படிவத்திலேயே கேட்டு வாங்கிவிடுவார்கள்.

இந்த விதியைப் படித்தபோது முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆயிரம் பேரில் யாரோ சிலர் ஏமாற்றலாம் என்பதற்காக, ஏற்கெனவே ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்களின் வலையை இன்னும் சுருக்குவதா? 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒரு வாதத்தைக் கேட்டது. எழுதும்போது கை இறுகிப்போகிற குறைபாடு உள்ள ஒருவருக்கு, நாற்பது சதவீத ஊனம் என்ற வரம்புக்குள் வரவில்லை என்று யு.பி.எஸ்.சி. ஸ்கிரைப் மறுத்திருந்தது. எல்லோருக்கும் அனுமதித்தால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை, உரிமையை மறுக்க அது காரணமாகாது என்றது. படித்துவிட்டுக் கைதட்டத் தோன்றியது. ஆனால் விதி போட்டவர்கள் சந்தேகப்பட்டது மாணவர்களை மட்டுமல்ல, என்னைப் போன்றவர்களையும்தான். 1764 என்று கேட்டதும் நின்றது என் பேனா. ஒரு பிளஸ் டூ பிள்ளையின் பேனா நின்றிருக்காதா? நின்றிருக்கும், அதற்கும் பிளாசி தெரியும். அப்படிப் பார்த்தால் படிப்பின் அளவை வைத்து நேர்மையை அளப்பது வீண்வேலை. அதே 2018 நெறிமுறை, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்கிரைபைச் சந்தித்துப் பேசிப் பார்க்க வாய்ப்புத் தரவேண்டும் என்றும் சொன்னது. அதை யாராவது உருப்படியாக நடைமுறைப்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். பெரும்பாலும் எனக்குக் கிடைப்பது கேட் வாசலில் பத்து நிமிடம்.

இப்போது அந்த வரலாற்றுப் பெண் பட்டம் வாங்கிவிட்டாள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். தேர்வு வார இறுதியில் வருகிறது. எங்கள் குழுவின் "சண்டேயா இருந்தா" ஆட்கள் அத்தனை பேரும் கடைசியில் ஃப்ரீயாக இருக்கும் நாள், ஆனால் அத்தனை பேரும் பட்டதாரிகள், ஒருவர்கூடப் போக முடியாது. நானும் முடியாது. பட்டம் இன்னும் முடிக்காத, நிதானமாக வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும். எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மாவிடம் போய்ப் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்டிபிகேட் ஏதாவது தருவாங்களா மேடம்? ரெஸ்யூம்ல போடலாம்ல" என்றார். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெண் மட்டும் உள்ளேயிருந்து வந்து, "நான் போறேன்மா" என்றாள்.

அன்று மாலையே இருவரையும் போனில் பேசவைத்தேன், ஸ்பீக்கரில். அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி, "கணக்குல டேபிள் வரும், அதை எப்படிப் படிப்பீங்க? குறுக்கவா, மேல இருந்து கீழவா?" பி.காம். பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். "ரெண்டு மாதிரியும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, எது எனக்கு ஏறுதோ அதை வெச்சுக்கலாம். படிக்கும்போது மனசுல கூட்டிப் பார்க்காதீங்க, ஸ்லோ ஆயிடுவீங்க." பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து கடைகள், ஆறு மாத விற்பனை என்று ஓர் அட்டவணை. குறுக்காகப் படிக்க ஆரம்பித்தாள், மூன்றாவது வரிசையிலேயே அந்தப் பக்கத்திலிருந்து, "நிறுத்துங்க, மறுபடி முதல்லருந்து, கொஞ்சம் வேகமா" என்று குரல் வந்தது.